முப்பது நாள் பை

நிரோசாவின் கை முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தது. கண் மட்டும் பீரோ மேலேயே இருந்தது.

காம்பு எது, இலை எது என்று கை தானாகப் பிரித்துக்கொண்டது. நினைவு தெரிந்த நாளிலிருந்து செய்கிற வேலை, அதற்குக் கண் வேண்டாம். கண்ணுக்கு வேறு வேலை இருந்தது. பீரோ மேலே, கல்யாணப் புடவை வந்த அட்டைப்பெட்டிக்குள்ளே, பழைய வேட்டியில் சுற்றி ஒரு தோல் பை இருந்தது. இருபத்தொன்பது நாளாக அவள் வீட்டில் இருக்கிறது. நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

பையில் ஒரு கீறல்கூட இல்லை. அதுதான் அவளுடைய பயம்.

கீறல் இல்லாததற்கு எவளாவது பயப்படுவாளா என்று கேட்கலாம். அதைச் சொல்ல மூன்று மாதம் பின்னால் போக வேண்டும்.

பாலாற்றங்கரையில் இருக்கிறது அந்த ஊர். ஊரில் பாதிப் பேர் தோலை ஊறவைப்பார்கள், மீதிப் பேர் தோலைத் தைப்பார்கள். நிரோசாவின் புருஷன் துரைக்கண்ணு ஊறவைக்கிற பக்கம். நிரோசா தைக்கிற பக்கம். தைக்கிற பக்கம் என்று பேர்தான், அவள் தைத்ததில்லை. தைத்து வருகிற பைகளில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுவாள். ஐந்து வருஷம் நின்றபடியே வெட்டினாள்.

அங்கே தைக்கிற பையெல்லாம் கடல் தாண்டிப் போகிறவை. பேர் போன கடைகளில் கண்ணாடிக்குள்ளே விளக்குப் போட்டு வைப்பார்களாம். ஒரு பை விலைக்கு ரெண்டு கறவை மாடு வாங்கலாம் என்று தையல் லைனில் பேசிக்கொள்வார்கள். விலைச் சீட்டை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. மாடு மட்டும் வருஷத்துக்கு ஒன்று கூடிக்கொண்டே போனது.

மூன்று மாதத்துக்கு முன்னால் அவளைச் சோதனை அறைக்கு மாற்றினார்கள். அங்கே இருந்தவள் ஜுலேகா மாஸ்டர்.

கம்பெனியில் மாஸ்டர் என்றால் ஆம்பளைதான். ஜுலேகா ஒருத்திதான் பொம்பளை மாஸ்டர். வயதும் அதிகமில்லை, நிரோசாவைவிட ரெண்டு வயது சின்னவள். அதனால் அவள் இவளை அக்கா என்பாள், இவள் அவளை மாஸ்டர் என்பாள். ஜுலேகாவுக்குப் பேச்சு கம்மி. கேள்வி கேட்டால் பதில் வாயிலிருந்து வராது, கையிலிருந்து வரும். இந்தத் தையல் கெட்டியா மாஸ்டர் என்று நிரோசா ஒருநாள் கேட்டதற்கு, கத்தரியை நீட்டிப் பிரிக்கச் சொன்னாள். அரை நாள் பிரித்தாள் நிரோசா. சாயங்காலம் கொப்புளம் கண்ட விரல் பதில் சொன்னது.

அந்த அறையில் நாலைந்து மெஷின் உண்டு. ஒன்று தோலை மடக்கி மடக்கி நிமிர்த்தும். ஒன்று பையின் பிடியில் எடையைத் தொங்கவிட்டு நாளெல்லாம் ஆட்டும். ஒன்று வெள்ளைத் துணியை வைத்துத் தேய்த்துச் சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்கும். நிரோசாவுக்கு அதையெல்லாம் பார்க்கப் பிடித்தது. உட்கார நாற்காலி இருந்தது அதைவிடப் பிடித்தது.

ஒருநாள் கூச்சத்தை விட்டுக் கேட்டாள்.

"மாஸ்டர், இத்தினி மெஷின் இருக்குது. கடைசியில நல்ல தோல் எதுன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

ஜுலேகா அலமாரியைத் திறந்து ஒரு பையை எடுத்தாள். மோர் நிறத்தில் இருந்தது. தொட்டால் குழந்தை கன்னம் மாதிரி இருந்தது. அதோடு ஓர் அட்டையையும் வைத்து நீட்டினாள்.

"தூக்கிட்டுப் போங்கக்கா. முப்பது நாள் கழிச்சு நீங்க எனக்குச் சொல்லுங்க."

முப்பது நாள் பை என்றால் கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். புதுசாக ஒரு மாடல் வந்தால் அதே மாடலை நாலு விதத் தோலில் தைப்பார்கள். மெஷினில் தேறின பிறகு நாலு பொம்பளைகளிடம் கொடுப்பார்கள். அவர்கள் முப்பது நாள் வீட்டில், பஸ்ஸில், கடைத்தெருவில் வைத்துப் புழங்க வேண்டும். அட்டையில் முப்பது கட்டம் இருக்கும், நாளுக்கு ஒன்றாக எழுத வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஜுலேகா கையெழுத்துப் போடுவாள். அவள் கையெழுத்துப் போட்ட தோலில்தான் மொத்தப் பையும் தைப்பார்கள்.

பக்கத்துக் கம்பெனியில் அப்படி யாரும் பார்க்கவில்லை. அனுப்பின பை ஒரு மழைக்குச் சாயம் விட்டு, பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தது. அந்த லைனில் அறுபது பொம்பளைகள். காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவர்களைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டார்கள். கொண்டுபோன சோற்றை ஆற்று மணலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். நிரோசாவின் நாத்தனார் அதில் ஒருத்தி. இந்த முறை வெளிநாட்டுக்காரர்கள் கேட்டது மோர் நிறத்தைத்தான் என்றும் லைனில் பேசிக்கொண்டார்கள்.

இவ்வளவும் தெரிந்துதான் நிரோசா பையை வாங்கினாள். ஆனால் வாங்கின நிமிஷமே அவள் புத்தியில் வேறொன்று ஓடியது. இது பிறத்தியார் பொருள். வாங்கினதை வாங்கினபடி கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கின பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்துத்தானே திருப்பிக் கொடுக்கிறோம். அப்படித்தான் அவளை வளர்த்திருந்தார்கள்.

முதல் நாள் பஸ்ஸில் ஏறினாள். பைக்குள் ஒரு கைக்குட்டையும் அந்த அட்டையும்தான். பக்கத்தில் ஒருத்தி கருவாட்டுக் கூடையோடு நின்றாள், பின்னால் ஒருவர் கையில் கடப்பாரை. நிரோசா பையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். இன்னாம்மா, சாமி ஊர்வலமா என்று கண்டக்டர் கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நிரோசா ரெண்டு ஸ்டாப்பிங் முன்னாடியே இறங்கி, பையை முந்தானைக்குள் அணைத்துக்கொண்டு நடந்து வந்தாள். நடந்து வந்த காலைவிட தூக்கி வந்த கை வலித்தது.

அட்டையில் எழுதினாள்: பஸ். நல்லா இருக்கு.

அன்றைக்கு வீட்டுக்குள் போன பை மறுபடி வெளியே வரவில்லை.

முதலில் அரிசி டிரம்முக்குள் வைத்தாள். எலி வந்தால் என்ன செய்வது என்று எடுத்தாள். கட்டிலுக்கு அடியில் வைத்தாள். தரை ஈரம் ஏறும் என்று எடுத்தாள். தகரப் பெட்டியில் வைத்தாள், துரு ஒட்டும். ஆணியில் மாட்டினாள், பல்லி. கடைசியில் அந்துருண்டை ரெண்டு போட்டுப் பீரோ மேலே ஏற்றினாள். விறகடுப்புப் புகை படும் என்று அடுப்பை வெளியே கொண்டுபோய் வைத்தாள். மார்கழிப் பனியில் உட்கார்ந்து சமைத்தாள்.

இதைப் பார்த்து மாமியார் சொன்னாளாம், கட்டின புருஷன்மேலகூட இவ இப்படி ஒரு கண்ணு வெச்சதில்ல என்று. துரைக்கண்ணு அதற்கு மேலே போனான். பைக்கும் ஒரு ரேஷன் கார்டு எழுதிக் கொடுத்திடலாம், மாசம் அது பங்குக்கு அரிசியாவது வரும் என்றான். நிரோசா சிரிக்கவில்லை. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருப்பவளுக்குச் சிரிப்பு எங்கே வரும்.

வேலைக்குப் போகும்போது பீரோ இருக்கிற அறையைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள். பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பாள். மறுபடி முனை வரை போவாள், மறுபடி வருவாள். யாராவது உப்பு கேட்டு வந்தால் வாசலிலேயே நின்று பேசி அனுப்புவாள். சோறு இறங்கவில்லை. ஜாக்கெட் தோளில் நிற்காமல் நழுவியது, முதுகுப் பக்கம் ஊக்குக் குத்திக்கொண்டாள்.

சாயங்காலம் அட்டையில் எழுதுவாள். மார்க்கெட். நல்லா இருக்கு. கோயில். நல்லா இருக்கு. கல்யாண வீடு. நல்லா இருக்கு.

பொய் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பை நல்லாத்தானே இருந்தது.

பன்னிரண்டாம் நாள் அது நடந்தது.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை, நாலு வயது, பூர்ணி. அம்மா வேலை விட்டு வந்ததும் எந்தக் கையோடு இருக்கிறதோ அந்தக் கையோடு ஓடி வந்து மேலே விழும். மண் கையென்றால் மண், சோற்றுக் கையென்றால் சோறு. நிரோசாவின் புடவை முந்தானையைப் பார்த்தே குழந்தை அன்றைக்கு என்ன தின்றது என்று சொல்லிவிடலாம்.

அன்று நிரோசா பையை இறக்கி மெல்லிசுத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பூர்ணி வெல்லம் தின்ற கையோடு ஓடி வந்தது. பையின் பிடியைப் பார்த்ததும் ஆசையாகக் கையை நீட்டியது.

நிரோசா அறைந்தாள்.

அதுவரை அவள் குழந்தையை அடித்ததில்லை. கை போனது அவளுக்கே தெரியவில்லை. சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. பூர்ணி அழவில்லை. கன்னத்தைத் தொடவுமில்லை. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டு, அப்படியே நின்றது.

அதிலிருந்து பை இறங்கினாலே குழந்தையின் கை பின்னால் போய்விடும். ஒரு வாரம் கழித்து, பை இறங்காதபோதும் போனது. அம்மா கிட்டே வந்தால் போனது. சோறு ஊட்டும்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயை மட்டும் திறந்தது. நிரோசா அதைப் பார்த்தாள். பார்க்காத மாதிரி எழுந்து போய்ப் பீரோ மேலே பார்த்தாள்.

பை பத்திரமாக இருந்தது.

இருபத்தெட்டாம் நாள், சனிக்கிழமை, அவளுக்கு ரெண்டு நாள் முன்னாலேயே பை வாங்கியிருந்த மற்ற மூன்று பேரும் பையைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அதில் பிலோமினாவும் ஒருத்தி. தோலுக்குப் பசை போட்டு ஒட்டுகிற வேலை செய்கிறவள், கம்பெனிக்கே கேட்கிற குரல். அவள் பையை மேஜைமேல் வைத்ததும் நிரோசா எட்டிப் பார்த்தாள். மூலையெல்லாம் தேய்ந்து வெளுத்திருந்தது. ஒரு பக்கம் கோழி கீறின தடம். உள்ளே கருவாட்டு வாசனை. மகன் அதில் கிரிக்கெட் பந்து வைத்தான், மாமனார் வெற்றிலைச் செல்லம் வைத்தார், நான் மட்டும்தான் ஒண்ணும் வைக்கல என்றாள் பிலோமினா.

இவளுக்கு வேலை போச்சு என்று நினைத்தாள் நிரோசா.

ஜுலேகா கோழி கீறின தடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். மூலையை வெளிச்சத்தில் திருப்பினாள். பிடியை இழுத்தாள். அவள் முகத்தில் நிரோசா அதுவரை காணாத சிரிப்பு வந்தது.

"நல்லாத் தூக்கியிருக்கீங்கக்கா," என்றாள் பிலோமினாவிடம்.

பிறகு நிரோசா பக்கம் திரும்பினாள். "உங்களுது திங்கட்கிழமை."

அந்த நிமிஷம்தான் நிரோசாவுக்குப் புரிந்தது. குடத்தைத் தேய்த்துக் கொடுக்கிற கதை இல்லை இது. இருபத்தெட்டு நாள் அட்டையில் எழுதினதெல்லாம் பொய்யாகிவிட்டது. அந்தப் பொய்க்குக் கீழே மாஸ்டர் கையெழுத்து விழப் போகிறது. அதற்குக் கீழே இந்த லைனிலும் அறுபது பொம்பளைகள் நிற்கிறார்கள், கையில் சாப்பாட்டுத் தூக்கோடு.

சொன்னால் நாற்காலி போகும், ஒருவேளை வேலையே போகும். சொல்லாவிட்டால் எது எது போகும் என்று எண்ண அவளுக்குத் தைரியம் இல்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமை. முருங்கைக்கீரை உருவி முடிந்தது. வெறும் காம்பையே கை மறுபடி உருவிக்கொண்டிருந்தது.

அவள் எழுந்தாள். ஸ்டூல் போட்டுப் பெட்டியை இறக்கினாள். வேட்டியைப் பிரித்தாள். மோர் நிறம் கொஞ்சமும் மாறாமல் பளிச்சென்று இருந்தது. பாத்திரம் தேய்க்கிற தேங்காய் நாரை எடுத்தாள். ஒரே நாளில் முப்பது நாளைப் போட்டுவிடலாம். நாலு மூலையில் நாலு தேய்ப்பு, பிடியில் கொஞ்சம் எண்ணெய். யாருக்குத் தெரியப் போகிறது.

நாரைக் கிட்டே கொண்டுபோனாள். கை இறங்கவில்லை. இருபத்தொன்பது நாள் காத்த கை, கீறமாட்டேன் என்று நின்றது.

வாசல்படியில் பூர்ணி நின்றிருந்தது. கை ரெண்டும் பின்னால்.

"அம்மா," என்றது மெதுவாக. "அதையும் அடிக்கப் போறியா?"

நிரோசா நாரைக் கீழே போட்டாள்.

திங்கட்கிழமை காலை சோதனை அறையில் வேறு யாரும் இல்லை. ஜுலேகா மேஜை விளக்கைப் பையின்மேல் சாய்த்தாள். பூதக்கண்ணாடியை எடுத்தாள். முதலில் அடி மூலை நாலும் பார்த்தாள், பை முதலில் தேய்வது அங்கேதான். பிறகு பிடி. பிறகு வாய் ஓரம், ஜிப், உள்துணி. கடைசியில் மூக்குக் கிட்டே கொண்டுபோனாள். அந்துருண்டை வாசனை அறை முழுக்க வந்தது.

ஜுலேகா அட்டையை எடுத்து முப்பது கட்டத்தையும் வரிசையாக வாசித்தாள். முப்பது தடவை நல்லா இருக்கு. பேனா மூடியைக் கழற்றினாள்.

நிரோசா பேனாவையே பார்த்தாள். ஒரு நொடி பேசாமல் இருந்தால் போதும். கையெழுத்து விழுந்துவிடும். பை கப்பல் ஏறிவிடும். அதற்கப்புறம் என்ன ஆனாலும் அது நாளைக்கு. பேனா முனை அட்டையைத் தொடப் போனது. அந்த இடத்தில் நிரோசா உள்ளங்கையை வைத்தாள்.

"போடாதீங்க மாஸ்டர்."

சொல்லத் தொடங்கினதும் நிற்கவில்லை. பஸ்ஸைச் சொன்னாள், அரிசி டிரம்மைச் சொன்னாள், பனியில் சமைத்ததைச் சொன்னாள். மார்க்கெட் பொய், கோயில் பொய், கல்யாண வீட்டுக்கு வயர் கூடையோடு போனேன் என்றாள். சொல்லச் சொல்லக் குரல் சின்னதாகிக்கொண்டே போனது. குழந்தையை அடித்ததைக் கடைசியில் சொன்னாள். அதைச் சொல்லும்போது குரலே இல்லை, வாய் மட்டும் அசைந்தது.

ஜுலேகா பையைத் தள்ளி வைத்தாள்.

"கையைக் காட்டுங்கக்கா."

அறையப் போகிறாளோ என்று நிரோசா பயந்தாள். தன் கை முதுகுக்குப் பின்னால் போகப் பார்ப்பது அவளுக்கே தெரிந்தது. ஜுலேகா அந்தக் கையைப் பிடித்து விளக்கடியில் வைத்தாள். பூதக்கண்ணாடியை எடுத்தாள். கடித்துக் கடித்துச் சதையோடு போன நகத்தைப் பார்த்தாள். வளையலைத் தள்ளினாள், அது முழங்கை வரை தடையில்லாமல் ஓடியது. விளக்கைத் தூக்கி முகத்துக்குக் காட்டினாள், கண்ணுக்கடியில் கருப்பு. பின்னால் வந்து ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கை விரலால் தொட்டாள். பையைப் பார்த்த மாதிரியே, அதே நிதானத்தில், ஓர் இடம் விடாமல் பார்த்தாள்.

"பாப்பா இப்ப கிட்ட வருதா?"

"கையைப் பின்னால கட்டிக்கிட்டு வருது மாஸ்டர்."

ஜுலேகா வந்து உட்கார்ந்தாள்.

"முப்பது நாள் தேய்மானம் அப்படியே இருக்குதுக்கா," என்றாள். "பை மேல இல்ல."

நிரோசா தரையைப் பார்த்தாள். நான் நூல் வெட்டவே போயிடறேன் மாஸ்டர் என்றாள்.

மேஜைமேல் குத்தூசி கிடந்தது, தோலில் துளை போடுகிற ஊசி. ஜுலேகா அதை எடுத்தாள். பையைத் தன் பக்கம் இழுத்து, எங்கே வைத்தாலும் கண்ணில் படுகிற முன்பக்கத்தில், நட்டநடுவில், ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தாள்.

நிரோசா நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். தன் மேல் இழுத்த மாதிரி இருந்தது.

"இது யார் போட்டது?"

"நீங்க மாஸ்டர்."

"இதுக்கு நான் பொறுப்பு. இனிமே விழறதுக்கெல்லாம் பை பொறுப்பு. தூக்கிட்டுப் போங்க."

இன்னொரு அட்டையை எடுத்துப் பைக்குள் போட்டாள். நிரோசாவுக்கு நம்பிக்கை வரவில்லை. மேனேஜர் இன்னிக்கே கையெழுத்து கேப்பாரே மாஸ்டர் என்று இழுத்தாள்.

"பை இன்னும் புழக்கத்துக்கே வரலன்னு சொல்லிக்கிறேன்," என்றாள் ஜுலேகா. குத்தூசியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு மெஷினைப் போடப் போய்விட்டாள்.

பயம் ஒரே நாளில் போய்விடவில்லை. அன்று பஸ்ஸில் ஒருவரின் குடைக் கம்பி பையில் உரசியபோது நிரோசா கண்ணை மூடிக்கொண்டாள். திறந்து பார்த்தாள். மாஸ்டர் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் புதுசாக ஒரு சின்னக் கோடு. உலகம் அப்படியேதான் இருந்தது. கண்டக்டர் டிக்கெட் கேட்டார்.

வீட்டுக்கு வந்து அட்டையில் எழுதினாள்: குடை குத்திச்சு. கீறல் விழுந்தது.

ரெண்டாம் நாள் வெங்காயம் வாங்கிப் போட்டாள். நாலாம் நாள் ஊறுகாய் பாட்டில் சாய்ந்து உள்துணியில் எண்ணெய் பட்டது. மாமியார் அதில் தன் மாத்திரைச் சீட்டை வைக்க ஆரம்பித்தாள். துரைக்கண்ணு, ரேஷன் கார்டு வேணாம், இது நம்ம வீட்டு ஆளாயிடுச்சு என்றான். பெட்டி பீரோ மேலே காலியாக இருந்தது. அடுப்பு உள்ளே வந்தது. மோர் நிறம் பிடியிலிருந்து மெல்ல மெல்ல இறங்கி, அவள் கை படுகிற இடத்தில் டீ நிறமாக ஆனது.

பதினேழாம் நாள் பிடியோரத்தில் ஒரு தையல் விட்டது. நிரோசா பஸ் ஸ்டாப்பில் நின்று விட்ட நூலைத் தடவினாள். தன் கைதான் கனமோ, உருளைக்கிழங்கு அதிகமோ, இதனால் மோர் நிறமே கூடாது என்று ஆகிவிடுமோ. வேலை விட்டுப் போகிற பொம்பளைகள் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து பேனா எடுக்கவே ஒரு மணி நேரம் ஆனது. எடுத்து எழுதினாள்: தையல் விட்டுச்சு. பயமா இருக்குது. உருளைக்கிழங்கு ரெண்டு கிலோ.

மறுநாள் ஜுலேகா அட்டையைப் பார்த்தாள், விட்ட இடத்தைப் பார்த்தாள். அந்த இடத்தில் ரெட்டைத் தையல் போடச் சொல்லி லைனுக்கு எழுதி அனுப்பினாள். இதையும் அதே மாதிரி தைத்துக் கொடுத்து, மீதி நாளையும் தூக்கச் சொன்னாள். பையை வாங்கிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் நிரோசா மூச்சையே விட்டாள்.

இத்தனை நடந்தும் ஒன்று மட்டும் மாறவில்லை. பூர்ணியின் கை. பையை நிரோசா குழந்தைக்கு எதிரிலேயே தரையில் வைப்பாள், காலால்கூடத் தள்ளிக் காட்டுவாள். குழந்தை பார்க்கும். கை பின்னாலேயே இருக்கும். தொடுடி, ஒண்ணும் ஆகாது என்றால் ஒரு அடி தள்ளி நிற்கும். தோல் பைக்குப் போட்ட தையல் மாதிரி இதற்கு யார் போடுவார்கள் என்று நிரோசாவுக்குத் தெரியவில்லை. மாஸ்டரிடம் கேட்கவும் பயமாக இருந்தது. கேட்டால் என்ன கொடுத்து அனுப்புவாளோ.

முப்பதாம் நாள் கம்பெனி லீவு நாளில் வந்தது. மத்தியானம் பாத்திரம் கழுவிப் போட்டுவிட்டு, ஈரக் கையோடு அட்டையை எடுத்துத் தரையில் வைத்துக் குனிந்தாள். கட்டமெல்லாம் நிரம்பியிருந்தது. ஒரு கட்டத்தில்கூட நல்லா இருக்கு என்று இல்லை. பக்கத்தில் பை, வெங்காயமும் மாத்திரைச் சீட்டுமாக, வாயைத் திறந்துகொண்டு சாய்ந்திருந்தது. மாஸ்டர் போட்ட கோடு எது, தானாக விழுந்தது எது என்று தேடித்தான் பார்க்க வேண்டும்.

அட்டையின் அடியில் கொஞ்சம் இடம் இருந்தது. நாளைக்கு மாஸ்டர் கேட்பாள். கேட்காவிட்டாலும் பார்ப்பாள். மெஷினுக்குத் தெரியாததை முப்பது நாள் கழித்து நீங்க சொல்லுங்க என்றாளே. ரெண்டு முப்பது நாள் ஆகிவிட்டது. நிரோசா பேனாவை உதறிக்கொண்டு, எழுத்துக் கூட்டி, மெதுவாக எழுதத் தொடங்கினாள்.

மாஸ்டர், நல்ல தோல் எதுன்னு கேட்டேன் இல்ல, அது வந்து

"அம்மா."

தெருமுனை இலந்தை மரத்தடியிலிருந்து பூர்ணி கத்தியது. வாசல் வழியே பார்த்தாள், ரெண்டு கையும் முன்னால் நீட்டியிருந்தது, மண்ணும் பழமுமாக.

"பையை எடுத்துட்டு வா அம்மா. நெறைய உதுந்து கெடக்குது. என் ரெண்டு கையும் ரொம்பிடுச்சு."

நிரோசா பையைக் கவிழ்த்தாள். வெங்காயம் உருண்டு ஓடியது. பேனாவை அட்டைமேலேயே போட்டுவிட்டு, கையைத் துடைக்காமல் பிடியைப் பற்றிக்கொண்டு, செருப்பைத் தேடாமல், அந்த ரெண்டு கை கீழே இறங்கிவிடுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ஓடினாள்.